நல்ல இடம் என்று சொன்னார்கள்

என் அப்பாவுக்கு உலகத்தில் எதையும் எடைபோட ஒரே ஒரு வழிதான் தெரியும். பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பற்றி ஊரில் போய் விசாரிக்கிற வழி. மாடு வாங்கினாலும் அதே, போர்வெல் போட ஆள் பிடித்தாலும் அதே. மாட்டைப் பார்க்க மாட்டார். மாடு நிற்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பார். பேர் சக்கரவர்த்தி, ராஜ்யம் அடி அண்ணாமலை கிராமத்தில் முக்கால் காணி சாமந்தி. அந்த ராஜ்யத்துக்கு இந்த ராஜதந்திரம் போதும்தான். என் கம்ப்யூட்டர் படிப்புக்கும் அதையே தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்று நான் நினைக்கவில்லை.

நான் தென்றல். அவருடைய ஒரே பெண், இருபத்தொன்பது வயது. இன்ஜினியரிங் முடித்த கையோடு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, பிறகு கொரோனா வந்தது, பிறகு எந்தக் கம்பெனி விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த வருஷம் முடித்தவர்கள் மட்டும் என்று போட்டிருந்தது. முடித்த வருஷத்தை மாற்றிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கும்பல் கும்பலாக வந்து ரூம் இருக்கா என்று கேட்பார்கள், இல்லீங்க என்பேன். இல்லீங்க என்று சொல்வதற்கு இன்ஜினியரிங் எதற்கம்மா என்று முதலாளியே ஒருநாள் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

புரட்டாசியில் நந்தினி போன் செய்தாள். காலேஜில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் டீம் லீடர்.

“ஏப்ரல்ல எங்க டீமுக்கு ஆள் எடுக்கறோம்டி. வெப்சைட் பண்ற வேலை. நடுவுல ஏன் சும்மா இருந்தேன்னு கேக்க மாட்டாங்க, ஏன்னா இன்டர்வியூ பண்றதே நான்தான். ஆனா உக்கார வெச்சு எழுதச் சொல்வோம். நீ எழுதணும். அதுக்கப்புறம் எங்க கம்பெனியிலயும் காலேஜ் பசங்கள மட்டும்தான் எடுக்கப் போறாங்க. உனக்கு இதான் கடைசி பஸ்ஸு, பாத்துக்க.”

நெட்டில் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். கற்றுப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். வீடியோவில் பேசுகிறவன் நமக்குப் புரிந்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறான். ஏஐயைக் கேட்டால் அது எல்லாவற்றையும் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறது. மறுநாள் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. பக்கத்தில் நின்று, இங்கே பார், இதுதான் தப்பு என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். சென்னையில் அப்படி நிறைய இடங்கள் இருக்கின்றன. ஹாஸ்டல், சாப்பாடு என்று சம்பளமில்லாமல் ஆறு மாதம் அங்கே இருக்க எங்கள் சாமந்தி தாங்காது.

எங்கள் ஊரில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்று இருந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி, டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில். ஆறு மாத வெப் டெவலப்மென்ட் பூட்கேம்ப், முழு நாள் வகுப்பு. கட்டிய பணம் திரும்பி வராது. சேருமுன் எப்படிப் பார்க்க வேண்டும் என்று நந்தினி சொல்லித்தான் அனுப்பினாள். சுவரில் இருக்கிற போட்டோவை நம்பாதே, ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார், படித்து முடித்தவர்கள் ஒன்றிரண்டு பேரிடமாவது பேசு.

முன்மேசையில் தமிழ்செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். பின்னால் சுவர் முழுக்க வேலை கிடைத்தவர்களின் போட்டோ.

“நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் மேடம்” என்றாள்.

“அசிஸ்டன்ஸ்னா?”

“அசிஸ்ட் பண்ணுவோம் மேடம்.”

“வேலைக்குப் போனவங்க யாராச்சும் ரெண்டு பேர் நம்பர் குடுங்க. பேசிப் பார்க்கறேன்.”

“அது பிரைவசி மேடம். குடுக்கக் கூடாது.”

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது, ஒரு நாள் இலவசமாக உட்காரலாம் என்றாள், உட்கார்ந்தேன். பாடம் எடுத்தவர்தான் அந்த இடத்துக்கு உரிமையாளர். அன்பரசன் என்று பெயர். முப்பதைத் தாண்டியிருப்பார். மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, தூக்கமில்லாத கண்.

“நீங்க பிரௌசர்ல ஒரு அட்ரஸ் அடிக்கறீங்க. அது இன்னா தெரியுமா? பௌர்ணமி அன்னிக்கு லாட்ஜுக்குப் போயி ரூம் இருக்கானு கேக்கறீங்க, அவ்ளோதான். உள்ள எந்த ரூம் காலினு உங்களுக்குத் தெரியாது. கவுன்ட்டர்ல இருக்கறவங்க உள்ள பாத்துட்டு வந்து இருக்கு, இல்லனு சொல்லணும். அவங்கதான் சர்வர்.”

இத்தனை வருஷமாக நான் சர்வராக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார், கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு எல்லோரையும் ஒரு சின்னப் பக்கம் எழுதச் சொன்னார். வழக்கமாக முட்டிக்கொள்கிற அதே இடத்தில் அன்றைக்கும் முட்டிக்கொண்டேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். கீபோர்டைத் தொடவில்லை.

“இந்த வரியை வாய்விட்டுப் படிங்க.”

படித்தேன்.

“இப்ப, இது யாரைக் கூப்பிடுது?”

யாரையும் கூப்பிடவில்லை. அதுதான் தப்பு. நானே பார்த்தேன், நானே திருத்தினேன், திரையில் என் பெயர் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் ஆறு மாதம் பக்கத்தில் நின்றால் நான் எழுதிவிடுவேன். ஏப்ரலில் நந்தினி முன்னால் உட்கார்ந்து எழுதிவிடுவேன். இதைவிட உறுதியாக என் வாழ்க்கையில் எதையும் நான் உணர்ந்ததில்லை. அதனாலேயே பயமாக இருந்தது. ஆசை வந்த பிறகு கண் சரியாகத் தெரியாது அல்லவா?

வாத்தியார் சரி. இங்கே படித்தவர்களுக்கு உண்மையிலேயே வேலை கிடைக்கிறதா, இடம் நிலையாக நடக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்ல ஒரு ஆளும் அகப்படவில்லை. அடுத்த பேட்ச் அதற்கடுத்த திங்கட்கிழமை. அதை விட்டால் ஏப்ரலுக்குள் ஆறு மாதம் இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“விசாரிக்காம எப்பிடிம்மா கால வெக்கறது? நீ உள்ள போயி பாத்தா அவன் காட்டறதத்தான் பாப்ப. வெளிய கேக்கணும். நானும் மண்ணாங்கட்டியும் போயிட்டு வரோம்.”

மண்ணாங்கட்டி மாமா அப்பாவின் சேக்காளி. பிறந்து தங்காத பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்ததால் எமன் கண் படாமல் இருக்க வைத்த பெயர். எமன் ஏமாந்துபோனான், மாமா எழுபதைத் தொடப் போகிறார். இந்தச் சுற்று வட்டாரத்தில் சம்பந்தம் விசாரிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. தேன் மாதிரிப் பேசுவார், எதற்குக் கேட்கிறார் என்று கடைசிவரை சொல்ல மாட்டார். எதற்கு என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் ஜோடித்துப் பேசுவார்கள் என்பது அவருடைய சித்தாந்தம்.

“மாமா, இது படிப்பு விஷயம். நேராவே கேளுங்க. படிச்சவங்களுக்கு வேலை கிடைக்குதா, எத்தினி நாளா நடக்குது, அதான் வேணும்.”

“நீ சும்மா இரு பாப்பா. எனக்கா சொல்லித்தர?”

இரண்டு பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அன்று லாட்ஜில் ஒரு ஆளுக்கு இரண்டு சாவி கொடுத்தேன். என் புத்தி வேங்கிக்காலில் இருந்தது.

சாயங்காலம் மாமா எங்கள் வாசலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே, ஜெயித்து வந்த வக்கீல் மாதிரி விவரம் சொன்னார். டீக்கடை, இஸ்திரி வண்டி, பூக்காரம்மா, டைல்ஸ் கடை, ஒருவரையும் விடவில்லை.

“தங்கமான புள்ளயாம். குடி கெடையாது, பீடி கெடையாது. தோப்பன் இல்ல, அம்மாவத் தாங்கு தாங்குனு தாங்கறானாம். பிரதோஷத்துக்குத் தவறாம கோயிலுக்குப் போவானாம். நம்ம பக்கத்து ஆளுங்கதான், அதையும் கேட்டுட்டேன்.”

“படிப்புக்கு அது எதுக்கு மாமா?” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வேலை கிடைக்குதானு கேட்டீங்களா?”

“கேக்காம வருவனா? மாடிப்படியில எப்பவும் கூட்டமாம். ஜாஸ்தி வருமானம்னு டைல்ஸ் கடைக்காரரே சொல்றாரு. போன வாரம்கூட மெட்ராஸ்ல இருந்து கம்பெனிக்காரங்க வேன் எடுத்துகினு வந்து, ரெண்டு பேரைக் கையோட கூட்டிகினு போனாங்களாம். டீக்கடைக்காரரு கண்ணால பாத்தாராம்.”

“நெஜமாவா?”

“நான் பொய் சொல்லுவனா பாப்பா?” என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அப்பாவும் தலையாட்டினார். நாலு பேரைத் தனித்தனியாகக் கேட்டோம், நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள், நல்ல இடம்மா என்றார்.

வேன் வந்து கூட்டிக்கொண்டு போனது என்ற ஒரு வரியை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குடி இல்லை, பீடி இல்லை எல்லாம் எனக்கு வேண்டாம். அந்த வேன் போதும். மறுநாள் லாட்ஜில் வேலையை விடுவதாகச் சொன்னேன். முதலாளி தன் சொந்தத்தில் வேதா என்ற பெண்ணை உடனே கூட்டிவந்து என் நாற்காலியில் உட்காரவைத்தார். சாவிகளை அவளிடம் கொடுத்தபோது எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. தமிழ்செல்விக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வந்து பணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் இனி வருகிற ஒரே வருமானம் சாமந்தி, அதுவும் மழை விட்டால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தூறல். எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பட்டுப்புடவையில் ஒரு அம்மா இறங்கினார். கையில் தட்டு, தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப் பூ. அவருக்குப் பின்னால் குனிந்து இறங்கியவர் அன்பரசன் சார்.

“நான் சரசு. அன்பரசோட அம்மா” என்றார் அந்த அம்மா, சிரித்துக்கொண்டே. “நீங்க ரெண்டு பேரும் வந்து எங்கள விசாரிச்சுட்டுப் போனீங்கனு டீக்கடைக்காரரு சொன்னாரு. பொண்ணு வூட்டுக்காரங்க அவ்ளோ தூரம் வந்து கேட்டிருக்காங்க, நாம கண்டுக்காம இருந்தா மரியாதையா? அதான் நானே கெளம்பிட்டேன். நாங்களும் உங்களப் பத்தி விசாரிச்சோம். எல்லாரும் நல்லாத்தான் சொன்னாங்க.”

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

“இன்னாயா சொல்லிக் கேட்ட?” என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது.

“நம்ம ஊட்டுப் பொண்ணு விஷயமா வந்திருக்கோம்னேன். ஊரு பேரு கேட்டாங்க, சொன்னேன். அது நெஜம்தானே?”

தாம்பூலத்தட்டோடு வந்தவர்களை வாசலில் நிறுத்தி, நாங்கள் கேட்டது பையனை இல்லை, படிப்பை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அது ஒருவரைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். அம்மா ஜோதியம்மாள் மட்டும் எதுவும் கேட்காமல் உள்ளே போய் ரவையை வறுக்கத் தொடங்கினாள். மாமாவுக்கு ஒரு நிமிஷத்தில் முகம் தெளிந்துவிட்டது. வந்தது வந்தாயிற்று, பையன் நல்ல பையன்தானே என்று அப்பாவின் காதில் ஓதினார். எனக்கு மாப்பிள்ளை வேண்டாம். நாளைக்கு எனக்கு அந்த சீட் வேண்டும். இந்தக் கூத்தில் அவமானப்பட்டு, இந்தப் பெண் எனக்கு வகுப்பிலும் வேண்டாம் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

கேசரி வந்தது. சரசம்மா என் தலையில் பூவை வைத்தார். பிறகு எல்லா வீட்டிலும் சொல்கிறதை மாமா சொன்னார்.

“பொண்ணும் புள்ளையும் கொஞ்சம் தனியா பேசட்டும். இந்தக் காலத்துல அதெல்லாம் வேணும்.”

வீட்டுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகை ஓரமாகப் போய் நின்றோம். சாமந்தி நனைந்து தலை கவிழ்ந்திருந்தது. மலை பாதிக்கு மேல் மேகத்தில் இருந்தது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு சீட்டைக் காப்பாற்றிக்கொள்வது என்று முடிவு செய்து வந்திருந்தேன்.

“சார்” என்றேன்.

“சார் வேணாங்க.” அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கு கிளாஸ்ல வந்து உக்காந்தவங்க நீங்கதான்னு உள்ள அம்மாகிட்ட சொன்னேன், அது என்னைப் பாக்கத்தான்னு அவங்க சொன்னாங்க. தப்பா நெனைக்கல. ஆனா நீங்க பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். எங்க அம்மாவுக்கே முழுசாத் தெரியாது. கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட மறைக்கக் கூடாதுங்க. இன்ஸ்டிட்யூட் ஓடல.”

இல்லை சார், நான் வந்தது படிக்கத்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார் என்று தெரிந்தது. இத்தனை நாள் அலைந்து கிடைக்காதது என் முன்னால் தானாகத் திறந்துகொண்டிருந்தது.

“சொல்லுங்க” என்றேன்.

“ஆரம்பத்துல நல்லாப் போச்சு. அப்ப எல்லாக் கம்பெனியும் ஆள் எடுத்தாங்க. சுவத்துல இருக்கற போட்டோ பொய் இல்ல, எல்லாம் அந்தப் பசங்கதான். அப்புறம் படிச்சவங்கள்ல ஒருத்தருக்கும் இந்த வேலை கெடைக்கல. ஒரு பையன் பைனான்ஸ்ல வசூலுக்குப் போறான். ஒரு பொண்ணு ஜவுளிக்கடையில நிக்குது. ரோட்டுல என்னைப் பாத்தா வணக்கம் சொல்லுது. எனக்கு மூஞ்ச நிமித்திப் பாக்க முடியல.”

“போன வாரம் மெட்ராஸ்ல இருந்து வேன் வந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனதா சொன்னாங்களே?” என்று கேட்டேன்.

அவர் கைக்குட்டையை இறக்கினார்.

“வேன் வந்துச்சுங்க. கம்ப்யூட்டர வாடகைக்குக் குடுத்தவங்க. வாடகை பாக்கினு ரெண்டு மெஷின எடுத்துகினு போனாங்க. டீக்கடைக்காரரு கூடமாட நின்னு தூக்கி வெச்சாரு.”

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தி வை என்பார்கள். டீக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், பூக்காரம்மா எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். தகப்பன் இல்லாத பையன், பெண் வீட்டுக்காரர்கள் வந்து கேட்கிறார்கள், நம் வாயால் அவன் வாழ்க்கை கெடக் கூடாது என்று ஆளுக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்மேலும் எனக்குக் கோபப்பட வழியில்லை. என்னிடம் வந்து யாராவது கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவர்கள் போட்ட பிடியெல்லாம் சேர்ந்து என் தலையில் விழுந்துவிட்டது.

“சரி, வேலை கிடைக்காட்டியும் பரவால்ல” என்றேன். அவசரமாகத்தான் வந்தது. “நீங்க நல்லா சொல்லித்தர்றீங்க. நாளைக்கு ஆரம்பிக்கற பேட்ச்சை ஆறு மாசமும் நீங்கதானே எடுப்பீங்க?”

“அதான் அடுத்து சொல்ல வந்தேன்.” குரல் இறங்கிவிட்டது. “எனக்கு பெங்களூர்ல வேலை கெடைச்சிருக்கு. நைட் ஷிப்ட். தீபம் முடிஞ்சதும் போறேன். இத்தினி வருஷம் பாடம் எடுத்தேன்ல, அத அவங்க வேலையா எடுத்துக்கல. சும்மா இருந்த மாதிரியாம். சம்பளம் கம்மிதான். ஆனா மாசாமாசம் வரும், குடும்பம் நடத்தலாம்.”

“அப்ப நாளைக்குச் சேர்றவங்க?”

“முதல் மாசம் நான் எடுப்பேன். மிச்சத்துக்கு வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். தமிழ்செல்வி போட்டுக் காட்டும். இந்தப் பேட்ச் பணம் வந்தாதான் வாடகை பாக்கிய அடைச்சுட்டு நான் ஊர விட்டுக் கெளம்ப முடியும்.” கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். “இது தப்புனு எனக்குத் தெரியுதுங்க. என்னைப் பத்தி முழுசாத் தெரிஞ்சுகினு நீங்க முடிவு பண்ணணும். அதான்.”

“உங்க இன்ஸ்டிட்யூட்ல சேர வந்த ஒரு பொண்ணு இதையெல்லாம் கேட்டிருந்தா?”

அவர் யோசிக்கவே இல்லை.

“சொல்லியிருக்க மாட்டேன்.”

மோட்டார் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இதற்கு மேல் மறைக்க முடியவில்லை, மறைக்க எனக்கு உரிமையும் இல்லை.

“நான்தாங்க அந்தப் பொண்ணு” என்றேன். “நாங்க விசாரிச்சது உங்களை இல்ல. பூட்கேம்ப்பை. நான் நாளைக்குச் சேர இருந்தேன். அதுக்காக வேலையை விட்டுட்டேன். எங்கப்பாவுக்குக் கேக்கத் தெரியல.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் மெல்ல மெல்ல விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கும் இந்தக் காலையில் ஏதோ ஒரு ஆசை இருந்திருக்கிறது, சட்டைகூடப் புதுசு. கல்யாணமும் இல்லை, ஒரு சீட்டுக்கான பணமும் இல்லை என்று ஒரே வாயில் சொல்லிவிட்டேன்.

“நீங்க வேணும்னா வாங்க” என்றார். “முதல் மாசம் நான் இருப்பேன். உங்களுக்குப் பணம் வேணாம்.”

“ஒரு மாசத்துல ஆயிடுமா?”

“ஆவாதுங்க.”

“பெங்களூர்ல இருந்து போன்ல...”

கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டிய மனிதரிடம் நான் என்ன கேட்கிறேன்? அவர் முடியாது என்று தலையசைத்தார். பொய்க்காகவாவது சரி என்று சொல்லுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஊரே சொன்னது, இவர் ஒருவர் சொல்லக் கூடாதா?

“முடியும்னு சொன்னா அதுவும் அந்த வீடியோ மாதிரிதாங்க ஆயிடும்” என்றார். “அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க எதுவும் பேச வேணாம்.”

உள்ளே போனோம். தனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று அவரே தன்மேல் போட்டுக்கொண்டு சொல்லி, அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பினார். சரசம்மா திரும்பித் திரும்பி என் தலையில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். தட்டை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆட்டோ திரும்பியதும் மாமா தொண்டையைச் செருமினார்.

“போனா போவுது. படிப்புக்கு ஒண்ணும் குந்தகம் இல்லியே? நாளைக்குப் போயி சேந்துடலாம்ல?”

“சேரல மாமா.”

“ஏம்மா?” என்றார் அப்பா. “எல்லாரும் நல்லவன்னுதானே சொன்னாங்க?”

“நல்லவர்தாம்பா. அதனாலதான் சேர முடியல.”

அவருக்கு அது எட்டவில்லை. சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். வேன், மெஷின், வீடியோ, பெங்களூர். அம்மா கேசரிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துபோய்விட்டார். அப்பா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தலையில் கையை வைத்தார்.

“உடும்மா” என்றார். “இந்த எடம் இல்லனா வேற எடம் பாப்போம். நமக்கா எடம் இல்ல?”

ஒவ்வொரு சம்பந்தம் தட்டிப்போனபோதும் அவர் இதையேதான் சொல்லியிருக்கிறார், அப்போதெல்லாம் நான் உள்ளே சந்தோஷப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

“வேற எடம் இல்லப்பா! இந்த ஊர்ல எனக்கு இது ஒண்ணுதாம்பா இருந்துச்சு!”

அப்பாவின் கை என் தலைமேலேயே நின்றது. சம்பந்தம் கைவிட்டுப் போனால் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இதற்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்லிக்கொடுப்பேன் என்பது போல.